வில்லன் தலையிலிருந்து முடி எப்போது போனது?

மாட்டுங்காவில் இருக்கும் ஒரு தமிழ் நாடகக் குழுவிலிருந்து வந்த கேள்வி: "பொங்கல் விழாவுக்கு நாடகம் போடுகிறோம். வில்லனாக நடிப்பவரை மொட்டை அடித்துக்கொண்டு வரச் சொல்கிறார் இயக்குநர். அப்போதுதான் மேடையில் கால் வைத்ததுமே ஆள் யார் என்று தெரியுமாம். நடிகரும் தயார். வில்லன் என்றால் மொட்டை என்ற இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? நம்மிடம் முன்பே இருந்ததா? மேடையில் எடுபடுமா?"

கோரேகாவ் பக்கம் மேக்கப் வேலையில் அடுத்தவர் தலையில் கை வைத்தே பல வருடமாகப் பிழைப்பவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மிடம் அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை. நம் கதைகளில் கெட்டவனுக்கு முடி குறையாது, கூடும். சூரசம்ஹாரத்தில் தூக்கி வரும் சூரன் பொம்மையையும், தசராவுக்கு இங்கே மும்பையில் கொளுத்தும் ராவணன் பொம்மையையும் நினைத்துப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது மீசைதான். அதற்கப்புறம்தான் உருட்டு விழியும் கோரைப்பல்லும். கம்பன் சூர்ப்பணகையைச் செம்பட்டைக் கூந்தலோடு கொண்டு வந்து நிறுத்துகிறான். கதகளியில் துச்சாதனன் மாதிரி ஆட்களுக்கு என்றே 'சுவன்ன தாடி' என்ற வேஷம் இருக்கிறது: முகத்தை அடைக்கும் சிவப்புத் தாடி. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்தச் சிவப்பு போய்ச் சேரும். அடங்காத முடி என்றால் அடங்காத குணம், அவ்வளவுதான் கணக்கு.

பழைய தமிழ் சினிமாவும் தலையை நம்பிப் பிழைக்கவில்லை. பி.எஸ்.வீரப்பாவுக்குச் சிரிப்பு, நம்பியாருக்குக் கையைப் பிசைவது, எம்.ஆர்.ராதாவுக்கு அந்தக் குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே வில்லன் வந்துவிட்டான் என்று தெரியும்.

மழித்த தலை நம் கண்ணுக்குச் சொல்வதே வேறு. பழனி, திருப்பதி, குழந்தைக்கு முதல் மொட்டை, சமண, பௌத்தத் துறவிகள். ஒரு காலத்தில் விதவைகளின் தலையை மழித்தார்கள், அது கொடுமை. ஆனால் அந்தத் தலையைப் பார்த்தும் யாரும் பயப்படவில்லை, பரிதாபப்பட்டார்கள். மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜம் பக்கம் நின்றுகொண்டு பாருங்கள், மொட்டைத் தலையோடு ஒருவர் எதிரே வந்தால் நாம் கேட்கிற முதல் கேள்வி "எந்தக் கோயில்?" என்பதுதான். உங்கள் இயக்குநர் இதை யோசித்தாரா தெரியவில்லை. உங்கள் பார்வையாளர்களிலேயே நாலு பேர் திருப்பதிக்குப் போய்வந்த தலையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, வெளியிலிருந்து எப்படி வந்தது? இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. உலகம் அறிந்த மொட்டை வில்லன்கள் பலருக்கும் ஆரம்பத்தில் முடி இருந்தது.

டிராகுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1897இல் வந்த நாவலில் அவனுக்கு நெற்றிப்பொட்டு ஓரத்தில்தான் முடி கம்மி. மற்றபடி அடர்ந்த தலை, புதர் மாதிரி புருவம், போதாததற்கு மீசை வேறு. 1922இல் ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் அந்தக் கதையை அனுமதி வாங்காமல், பெயர்களை மாற்றி 'நோஸ்ஃபெராட்டு' என்று எடுத்தபோது எல்லாம் போய்விட்டது. மாக்ஸ் ஷ்ரெக் நடித்த அந்தப் பிரபுவுக்கு வழுவழு மண்டை, கூர்க்காது, எலிப்பல். சுவரில் அவன் நிழல் மட்டும் படியேறிப் போகும் காட்சியை ஒருமுறை பாருங்கள். முடி இருந்திருந்தால் அந்த நிழல் வெறும் ஆள் நிழல்தான்.

அடுத்தது சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர். 1940இல் அறிமுகமானபோது செம்பட்டை முடிக்காரர். மறுவருடம் செய்தித்தாள் தொடரை வரைந்த வேறொரு ஓவியர் அவரை வழுக்கையாக வரைந்துவிட்டார். ஆள் மாறாட்டத்தில் நடந்த தவறு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்தத் தவறு எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. முடி ஏன் போனது என்பதற்குக் காரணக் கதை வந்ததே 1960இல்தான்: சோதனைக்கூடத்தில் தீ, சிறுவன் சூப்பர்மேன் அணைக்கிறான், கிளம்பிய புகையில் லூதரின் முடி கொட்டிவிடுகிறது, அன்றிலிருந்து பகை. படம் முதலில், காரணம் இருபது வருடம் கழித்து!

ஜேம்ஸ் பாண்டின் எதிரி புளோஃபெல்ட் கதையும் இதேதான். 1961 நாவலில் அவருக்கு ஒட்ட வெட்டிய கறுப்பு முடி. முதல் சில படங்களில் முகத்தையே காட்டவில்லை, மடியில் ஒரு வெள்ளைப் பூனையும் அதைத் தடவும் கையும்தான். 1967இல் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில் முகத்தைக் காட்டியாக வேண்டும் என்று வந்தபோது டொனால்ட் பிளெசன்ஸ் மொட்டைத் தலையும் கண்ணருகே தழும்புமாகத் திரும்பினார். அதற்கப்புறம் எரிமலைக்குள் கோட்டை கட்டுகிற எவனுக்கும் முடி முளைக்கவில்லை.

ஆக, எழுத்தில் இருக்கிறவரை வில்லனுக்கு முடி உண்டு, படமாக மாறும்போது உதிர்கிறது. எழுத்தாளருக்கு மொட்டை தேவையில்லை, ஒரு பத்தி போதும் ஆளைக் காட்ட. ஓவியருக்கும் மேக்கப்காரருக்கும் ஒளிப்பதிவாளருக்கும்தான் அது வேண்டும். மட்டமான தாளில், கட்டைவிரல் அகலக் கட்டத்துக்குள், பத்துப் பேர் நடுவே ஒருவனைச் சட்டென்று தெரியவைக்க வேண்டுமானால், தலையை ஒரே கோட்டில் வளைத்து விடுவதைவிடச் சுலபமான வழி கிடையாது. மண்டையோட்டு ஞாபகம் இலவசமாகக் கூடவே வரும். வயதும் பிடிபடாது. முப்பதா ஐம்பதா என்று பார்ப்பவன் தடுமாறுவான், அந்தத் தடுமாற்றமும் பயத்தில் போய்ச் சேரும்.

இந்தச் சரக்கு நம் நாட்டில் வந்து இறங்கிய துறைமுகம் பம்பாய்தான். அதிலும் இரண்டு தனித்தனி மொட்டைகள் இருந்தன. முதலாவது அடியாள் மொட்டை. சண்டைப் பயிற்சியாளராக இருந்து திரையிலும் வந்த எம்.பி.ஷெட்டி, எழுபதுகளின் இந்திப் படங்களில் பளபள தலையோடு கதாநாயகனிடம் அடி வாங்கியே பெயர் வாங்கினார். இன்றைய இயக்குநர் ரோஹித் ஷெட்டியின் அப்பா அவர். கொஞ்ச நாளில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பாப் கிறிஸ்டோவும் அதே வேலையைத் தொடர்ந்தார். இவர்களுக்கு மொட்டை என்றால் உடம்பு, பாறை, வசனம் தேவையில்லாத மிரட்டல். கதாநாயகன் இவர்களை அடித்தால் அவனுக்குக் கௌரவம், அவ்வளவுதான் இவர்களுடைய பங்கு.

இரண்டாவது, மூளை மொட்டை. இதைப் புரிந்துகொள்ள ஒரே இயக்குநரின் இரண்டு படங்கள் போதும். ரமேஷ் சிப்பி 1975இல் 'ஷோலே' எடுத்தார். கப்பர் சிங்குக்குப் பரட்டைத் தலை, தாடி, அழுக்குச் சட்டை, உள்ளங்கையில் புகையிலை. 1980இல் 'ஷான்' எடுத்தார். குல்பூஷண் கர்பந்தாவின் ஷாகாலுக்கு ஒரு முடி கிடையாது, உடையில் ஒரு கசங்கல் கிடையாது. தனித்தீவு, பொத்தான்கள், சுழலும் மேஜை, கீழே தண்ணீரில் முதலை. இரண்டையும் எழுதியவர்கள் சலீம்–ஜாவேத்தான். பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரன் நம் பழைய அசுரனுக்கு வாரிசு, அதனால் முடி. தீவில் உட்கார்ந்து இயந்திரத்தால் கொல்பவன் பாண்ட் படத்திலிருந்து வந்தவன், அதனால் மொட்டை. இந்த ஐந்து வருட இடைவெளியில் இந்திய சினிமா வில்லனின் தலைவிதியே மாறியது என்பேன். ஆனால் ஒன்று, ஷாகால் கப்பர் அளவுக்கு யாரையும் நடுங்க வைக்கவில்லை. கப்பர் நம் ஊர்க்காரன், ஷாகால் விருந்தாளி.

அம்ரீஷ் புரியின் கதை எங்கள் தொழிலில் அடிக்கடி அடிபடுவது. 1984இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'இந்தியானா ஜோன்ஸ்' படத்தில், நரபலி கொடுக்கும் பூசாரி மோலா ராமாக நடிக்கத் தலையை மழித்தார். அதற்கப்புறம் முடியை வளர்க்கவே இல்லை. காரணம் ரொம்ப நடைமுறையானது. மழித்த தலைக்கு எந்த விக்கும் ஒட்டிக்கொண்டு உட்காரும். முடி இருக்கும் தலையில் முதலில் அதைப் படிய வைத்து, பின் குத்தி, வலை போட்டு, அதன் மேல் விக் வைத்தால் மண்டை ஒரு சுற்று பெருத்துத் தெரியும். புரிக்கு அந்தத் தொல்லை இல்லை. 1987இல் 'மிஸ்டர் இந்தியா' படத்தில் வில்லன் மொகாம்போவாக வந்தபோது தலையில் விக். மொட்டைதான் அவருக்கு நூறு தலைகளைக் கொடுத்தது.

தமிழுக்கு வந்தால், என் கணக்கில் முக்கியமானது 1984. மணிவண்ணனின் 'நூறாவது நாள்' படத்தில் சத்யராஜ் மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, சிவப்புக் கோட்டோடு வந்தார். பழைய வில்லன்கள் மாதிரி சிரிக்கவும் இல்லை, கையைப் பிசையவும் இல்லை. அந்தத் தோற்றமே முழு வேலையையும் செய்தது. இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கதை அப்புறம்தான், முதலில் அந்த மொட்டையும் கோட்டும்தான் வரும். பிறகு 2001இல் 'ஆளவந்தான்' படத்தில் கமல் இரட்டை வேடம் போட்டபோது, ராணுவ மேஜருக்கு முடி, மனநலக் காப்பகத்திலிருந்து தப்பிய நந்துவுக்கு மொட்டை. ஒரே முகம், தலையை வைத்து மட்டும் நல்லவன் கெட்டவன் பிரித்தாகிவிட்டது. 2009இல் 'நான் கடவுள்' வழியாக வந்த ராஜேந்திரன் இந்தக் கணக்கையே குழப்பினார். அந்தப் படத்தில் பார்க்கவே குலை நடுங்கும். சில வருடத்தில் அதே தலை வந்தாலே தியேட்டரில் சிரிப்பு.

வழுக்கையையும் மொட்டையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நடுமண்டை தெரிய, காதோரம் கொஞ்சம் முடி ஒட்டிக்கொண்டிருக்கும் தலை வில்லனுக்கு உதவாது. அது கணக்குப்பிள்ளை, கல்யாணப் பெண்ணின் அப்பா, சலித்துப்போன மேனேஜர். 'நாயகன்' படத்தில் தாராவியையே கையில் வைத்திருக்கும் வேலு நாயக்கருக்கு வயதாக ஆக முன்நெற்றி ஏறி முடி மெலிந்துகொண்டே போகும். செய்வதெல்லாம் வில்லன் வேலைதான். ஆனால் அந்த மெலிந்த முடியைப் பார்த்தால் பயம் வராது, பாவமாக இருக்கும். முடி தானாகப் போனால் காலம் அவனை ஜெயித்துவிட்டது என்று படிக்கிறோம். அவனே எடுத்துவிட்டால், எதையும் விடத் துணிந்தவன் என்று படிக்கிறோம்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியைச் சேர்ந்த ஆல்பர்ட் மானஸ் 2012இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஒரே ஆளின் படத்தை முடியோடும், கணினியில் முடியை நீக்கியும் காட்டினார்கள். மழித்த தலையோடு பார்த்தவர்கள் அந்த ஆளை அதிக ஆதிக்கம் உள்ளவர், சுமார் ஒரு அங்குலம் உயரம் கூடியவர், 13 சதவீதம் பலம் கூடியவர் என்று மதிப்பிட்டார்கள். இன்னொரு பக்கம், 2017இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் மருத்துவர்கள் சிலர் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் பட்டியலில் முதல் பத்து வில்லன்களையும் முதல் பத்து கதாநாயகர்களையும் எடுத்துத் தோலை மட்டும் ஆராய்ந்தார்கள். வில்லன்களில் ஆறு பேருக்குக் கண்ணில் படும்படியான தோல் அடையாளங்கள், அதில் மூன்று பேருக்கு முடி உதிர்வு. கதாநாயகர்களில் ஒருவருக்கும் இல்லை. வெறும் இருபது பேர் என்பதால் இதை ரொம்பத் தூரம் இழுக்க வேண்டாம், ஆனால் போக்கு தெரிகிறது.

அதே சமயம் அடையாளம் தலைகீழாகவும் போகும். 1969இல் புளோஃபெல்டாக நடித்த டெல்லி சவாலஸ், 1973இல் அதே மொட்டையோடு 'கோஜாக்' தொடரில் துப்பறியும் அதிகாரியாக வந்து வீட்டுக்கு வீடு செல்லப்பிள்ளை ஆனார். நம் பக்கம் ரஜினி வெளியில் விக் இல்லாமல்தான் வருவார், ஒரு ரசிகனும் குறைந்ததில்லை. 2007இல் 'சிவாஜி' கடைசியில் 'மொட்டை பாஸ்' வந்தபோது தியேட்டர் கிழிந்தது. 2023இல் அட்லி 'ஜவான்' எடுத்தபோது இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டினார். மும்பை மெட்ரோவைக் கடத்தும் ஷாருக் கான் மொட்டைத் தலையோடு நிற்கிறார். பார்க்கிறவன் வில்லன் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு ஏமாற வேண்டும். அந்த ஏமாற்று வேலை செய்கிறது என்றால், ஷாகால் விதைத்தது இன்னும் மனசில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை: உங்கள் மேடையிலிருந்து பரேல் ரொம்பத் தூரமில்லை. டாடா மெமோரியலில் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மாசக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. மருந்தில் முடி கொட்டிய பிள்ளை ஒன்று முன்வரிசையில் இருக்கலாம். அதனால் மொட்டை கூடாது என்று நான் சொல்லவில்லை. வசனத்தில் 'மொட்டைப் பயலே' என்ற வகைக் கேலி இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். ஆள் செய்கிற காரியத்தைத் திட்டட்டும், தலையை ஏன் திட்ட வேண்டும்?

மேடையில் எடுபடுமா என்றால், எடுபடும், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, வெளிச்சம். நேர் எதிரிலிருந்து விளக்கடித்தால் எவ்வளவு பெரிய வில்லனும் பலூன் மாதிரிதான் தெரிவான். அவன் நுழையும்போது முன்விளக்கைக் குறைத்து, பின்னாலிருந்து உயரத்தில் ஒரு விளக்கை மட்டும் விடுங்கள். தலையின் வளைவு ஒளிக்கோடாக வரும், கண்குழி இருட்டும். மற்ற நடிகர்களுக்கு நெற்றியில் பவுடர் போட்டுப் பளபளப்பை அடக்குவோம் இல்லையா, வில்லன் தலைக்கு மட்டும் அதைப் போடாதீர்கள்.

இரண்டு, கோயில் மொட்டையிலிருந்து அவனைப் பிரித்துக் காட்டுவது. சந்தனமும் வெள்ளை வேட்டியும் சேர்ந்தால் அவன் பழனிக்குப் போய்வந்த சித்தப்பா. கழுத்து வரை பொத்தான் போட்ட இருட்டு நிறச் சட்டை, குறைவான அசைவு, மெதுவான நடை இவையெல்லாம் சேர்ந்தால்தான் தலை பேசும். சத்யராஜுக்குக் கோட்டும் கண்ணாடியும் ஏன் என்று இப்போது புரியும்.

மழிப்பதா, முடியை மூடி மொட்டை மாதிரி காட்டும் 'பால்டு கேப்' உறை போடுவதா என்று அடுத்து கேட்பீர்கள். நடிகர் தயார் என்றால் மழிப்பதே மேல். கேப் நன்றாக அமைய நெற்றி ஓரம் காகிதம்போல் மெலிந்து தோலில் கரைய வேண்டும். பிளாஸ்டிக் வகை என்றால் ஓரத்தில் அசிட்டோன் தொட்டுக் கரைப்போம். கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் அது புதுக்கைகளுக்கு வேண்டாம். ரப்பர் வகையில் அந்த வித்தையும் நடக்காது. போதாததற்கு உள்ளே வியர்வை சேர்ந்து, இரண்டாம் காட்சியில் காதுப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

மழிப்பதானால் அன்று காலையில் வேண்டாம். புதிதாக மழித்த தலை முகத்தைவிட வெளுத்து இருக்கும், தொப்பி போட்ட மாதிரி கோடு தெரியும், கத்திக் கீறலில் மேக்கப் பட்டால் எரியும். ஒரு வாரம் முன்னதாக மழித்து, தினமும் கொஞ்சம் வெயில் படட்டும். முந்தின நாள் மறுபடி ஒரு தடவை மழித்து, நாடகத்தன்று முகத்துக்குப் பூசும் ஃபவுண்டேஷனைக் காதுக்குப் பின்னால், பிடரி வரை இழுத்துவிடுங்கள். பிடரியை மறப்பதுதான் எல்லாக் குழுவும் செய்கிற தப்பு.

புருவத்தை மட்டும் தொடாதீர்கள். 'அக்னிபத்' 1990இல் வந்தபோது காஞ்சாவாக நடித்த டேனிக்குத் தலை நிறைய முடி. 2012இல் திரும்ப எடுத்தபோது சஞ்சய் தத்துக்குத் தலையோடு புருவமும் போய்விட்டது. அது பெரிய திரையில், முகம் சுவரளவு தெரியும்போது வேலை செய்யும். உங்கள் மேடையில் பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் புருவம் இல்லாத முகத்தில் கோபமும் தெரியாது, சந்தேகமும் தெரியாது. கறுப்புப் பென்சிலால் இன்னும் கொஞ்சம் தடிமனாகவே வரைந்துவிடுங்கள்.